பூக்கார ஆயாவுக்கும் பஞ்சப்படி

தியாகராய நகர், மேற்கு மாம்பலம் பகுதிகளில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜனவரியும் ஜூலையும் வந்தால் எங்களைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குப் பஞ்சப்படி கூடும். விலைவாசிப் புள்ளி ஏறினால் ஓய்வூதியமும் கூடவே ஏறும். அதற்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. மனு கிடையாது, விசாரணை கிடையாது, "உனக்குப் பிள்ளை இருக்கிறானா?" என்ற கேள்வி கிடையாது. அறிவிப்பு இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் நிலுவையோடு சேர்த்துக் கணக்கில் வந்து விழுந்துவிடும்.

நான் வாங்கும் அதே அரிசியையும் பருப்பையும் மாத்திரையையும்தான் ரங்கநாதன் தெரு முனையில் பூ விற்கும் ஆயாவும் வாங்குகிறார். எனக்கு ஏறும் விலைதான் அவருக்கும் ஏறுகிறது. அவருக்குப் பஞ்சப்படி மட்டும் இல்லை. முதியோரின் வறுமையைக் குறைக்க என்ன வழி என்று யாராவது என்னைக் கேட்டால், இங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

பட்டுவாடா நாள்

என் பீட், அதாவது நான் தபால் கொடுத்த பகுதி, மாம்பலம் ரயில் நிலையத்தின் இரண்டு பக்கமும் பரந்து கிடந்தது. கிழக்கே ரங்கநாதன் தெரு, நடேசன் தெரு, உஸ்மான் சாலை, கண்ணம்மாபேட்டை. மேற்கே ஸ்டேஷன் ரோடு, ஆரிய கௌடா சாலை, ஒரு காலத்தில் ஏரி இருந்ததைப் பெயரில் வைத்திருக்கும் லேக் வியூ ரோடு. கடைத்தெருவின் பின்சந்துகளிலும், ஆறேழு குடித்தனங்கள் ஒரே குழாயடியைப் பங்குபோட்டுக்கொண்ட ஸ்டோர்களிலும் மாதாமாதம் ஒரே ஒரு தபாலுக்காகக் காத்திருந்த வயதானவர்கள் இருந்தார்கள். அது முதியோர் உதவித்தொகை மணியார்டர். ஜனங்கள் வாயில் ஓஏபி.

தெரு முனையில் என் பை தெரிந்ததுமே குரல் வரும். "இன்னா போஸ்ட்மேனு, நம்ம ஓஏபி வந்துச்சா?" படிவத்தை நீட்டி, எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கி, பக்கத்து வீட்டில் படித்த பிள்ளை யாரையாவது சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, நோட்டுகளை அவர்கள் கையில் எண்ணி வைப்பேன். 2000-களின் தொடக்கத்தில் அது 200 ரூபாய். முந்தானையில் முடிவதற்குள் பாதி கைமாறிவிடும். மளிகைக் கடை பாக்கி, மருந்துக் கடை பாக்கி, பேத்தியின் நோட்டுப் புத்தகம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாமி இருந்தார். கணவர் கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் காலமான பிறகு மாமி அப்பளம் இட்டும், பட்சணம் செய்து கொடுத்தும் பிழைத்தார். கண் மங்கியதும் அதுவும் நின்றது. ஒரே அறைக் குடித்தனம், மெழுகித் துடைத்து வைத்த தரை, வாசலில் இழைக்கோலம். வீட்டுக்குள் ஒருவேளைச் சமையல்தான் நடக்கிறது என்று பார்த்தவர் யாரும் சொல்ல முடியாது. "வாசல்ல நின்னுண்டு பேரச் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. உள்ள வந்து குடுத்துட்டுப் போங்கோ" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அரசாங்கப் பணம் வாங்குவது நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற கூச்சம். நான் ஓய்வு பெற்றதும் எனக்கு ஓய்வூதிய ஆணை வந்தபோது அதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினேன். இரண்டுமே முதுமைக்கு அரசு தரும் பணம். ஒன்று பெருமை, மற்றது கூச்சம் என்று ஆனது எப்படி என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உழைத்த காசு எங்கே போனது?

"வயசுக் காலத்தில் சேர்த்து வைத்திருக்கலாமே" என்று சொல்வது சுலபம். என் பீட்டில் இருந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பூக்கார ஆயா விடிவதற்கு முன்பே கோயம்பேட்டில் சரக்கு எடுக்க வேண்டும். சரக்கெடுக்கும் பணம் தண்டல். காலையில் வாங்கிய கடனை அன்றன்றைக்குக் கட்டியாக வேண்டும். மழை பெய்து பூ அழுகினாலும் தண்டல்காரர் நிற்பார். கண்ணம்மாபேட்டையில் குடியிருந்தவரைக் கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு பல கிலோமீட்டர் தள்ளிப் போனது, வாடிக்கை மட்டும் இங்கேயே இருந்தது. அதனால் இந்த வயதிலும் பஸ் ஏறி தி.நகருக்கே வருகிறார். இரண்டு பெண்களின் கல்யாணம், கணவரின் கடைசி நாள் வைத்தியம். அவர் சம்பாதித்ததெல்லாம் இந்த மூன்றிலும் தீர்ந்துவிட்டது. ஊதாரித்தனம் என்று சொல்ல அவர் வாழ்க்கையில் எதுவுமே இல்லை.

இன்னொருவர் தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். துணிக்கடையில் சேர்ந்து, கடை மாறிக் கடை மாறி, முடி நரைக்கும் வரை சேலை விரித்துப் போட்டவர். இப்போது ஒரு ஏடிஎம் வாசலில் இரவுக் காவல். "கடையில நின்ன காலு சார், இப்போ உட்காந்தாலும் வலிக்குது" என்பார். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021இல்தான். அதற்குள் அவர் கால்களின் காலம் முடிந்திருந்தது.

அவருக்கு ஏன் ஓய்வூதியம் இல்லை என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். அவர் வேலை பார்த்தவை பெரும்பாலும் அதைவிடச் சிறிய கடைகள். ஒரே ஒரு கடையில் சில வருஷம் பிஎஃப் பிடித்தார்கள். ஆனால் மாத ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டுச் சேவை வேண்டும். கணக்கில் இருந்ததை மகளின் பிரசவச் செலவுக்கு எடுத்துவிட்டார். அப்படியே 10 ஆண்டு நிரம்பியிருந்தாலும், 1995இல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய்தான். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த அந்தத் தொகை அதற்குப் பிறகு நகரவே இல்லை.

இப்படிப்பட்டவர்கள் எங்கோ ஒருவர் இருவர் அல்லர். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கையின்படி, நாட்டின் முதியோரில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வசதியில் மிகக் கீழ் அடுக்கில் இருக்கிறார்கள். ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு வருமானமே இல்லை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். 2021இல் நம் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031இல் அது 18.2 ஆகும் என்றும் அரசின் கணிப்பு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் நம்முடையது.

ஒரு சின்னக் கணக்கு

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. காமராசர் முதல்வராக இருந்த காலம். மாதம் 20 ரூபாய். நாடு தழுவிய திட்டம் வருவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே நாம் தொடங்கிவிட்டோம். இதைச் சொல்லிப் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. தேசிய அளவில் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் 75 ரூபாயுடன் மத்திய அரசின் திட்டம் வந்தது.

தமிழ்நாட்டில் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2011இல் 1,000 ஆனது. அன்று அது பெரிய தொகை. கையில் வாங்கியவர்கள் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு 12 வருஷம் அது அசையவில்லை. 2023இல் 1,200 ஆனது. விதவைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட எல்லாச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களையும் சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் பேருக்கு அந்த உயர்வு போய்ச் சேர்ந்தது.

இப்போது அதே காலத்தில் எங்களுக்கு ஏறிய பஞ்சப்படியைப் பாருங்கள். 2011 ஜூலையில் அது 58 சதவீதம். 2016 ஜனவரியில் 125 சதவீதத்தைத் தொட்டது. ஏழாவது ஊதியக் குழு அந்த 125ஐ அடிப்படையோடு சேர்த்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியது. 2025 ஜூலையில் அந்தப் புதிய எண்ணிக்கையும் 58க்கு வந்து நின்றது. தொடக்கத்திலும் 58, முடிவிலும் 58 என்பதால் கணக்கு எளிது: இடையில் சேர்ந்த 125 சதவீதம்தான் இந்த 14 ஆண்டுகளின் ஏற்றம். அதாவது ஊதியக் குழு தந்த உயர்வு எதையும் சேர்க்காமல், விலைவாசிக்காக மட்டும் தந்ததையே எடுத்துக்கொண்டாலும், 2011இல் 1,000 ரூபாய் வாங்கியவருக்கு 2025 ஜூலையில் 2,250 ரூபாய் வந்திருக்க வேண்டும்.

ஆயாவுக்கு வந்தது 1,200. மாதம் 1,050 ரூபாய் குறைவு.

இது அவருக்கு யாரோ தர மறுத்த புதுச் சலுகை அன்று. 2011இல் அரசு தந்த அந்த 1,000 ரூபாயின் மதிப்பைக் கரையாமல் காப்பாற்ற மட்டுமே 2,250 வேண்டியிருந்தது. 1,200 என்பது ஒரு நாளைக்கு 40 ரூபாய். தி.நகர் ஓட்டலில் ஒரு டீயும் இரண்டு இட்லியும் அதில் அடங்காது.

மத்திய அரசின் பங்கு இன்னும் கவலைக்குரியது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 200 ரூபாய், 80ஐக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய். 200 என்பது 2007க்கு முன்பே முடிவான தொகை. 500 என்பது 2011இல் முடிவானது. மீதியை மாநிலம்தான் சுமக்கிறது. எனக்குப் படியளக்கும் அதே மத்திய அரசு, என் ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கு இருமுறை விலைவாசிப் புள்ளியைப் பார்க்கிறது. அந்த 200 ரூபாய்க்கு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

கூட்டித் தர முடியாது என்பதும் சரியில்லை. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோர் ஓய்வூதியம் 4,000 ரூபாய். கேரளத்தில் 2025 நவம்பர் முதல் 2,000. நம்மைவிட ஏழை நாடான நேபாளம், 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் 100 ரூபாய் என்று 1990-களில் தொடங்கியது. இன்று 68 வயதானவர்களுக்கு அந்நாட்டுப் பணத்தில் 4,000 தருகிறது. நம் மதிப்பில் சுமார் 2,500 ரூபாய். வேறு ஓய்வூதியம் பெறாதவராக இருந்தால் போதும், ஏழைதானா என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

"பிள்ளை இருக்கிறானே!"

பணம் குறைவு என்பது ஒரு பக்கம். அது கிடைப்பதே பெரும்பாடு என்பது மறுபக்கம். நம் திட்டம் தொடக்கத்திலிருந்தே ஆதரவற்றோருக்கானது. அதனால் விசாரணைக்கு வருபவரின் வாயில் முதலில் வருவது பிள்ளையைப் பற்றிய கேள்விதான். பூக்கார ஆயாவின் மனு முதல் தடவை அதனாலேயே நின்றது. மகன் இருக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறான்.

ஆட்டோ வாடகை ஆட்டோ. நாள் வாடகையும் பெட்ரோலும் போக மிஞ்சுவதில் வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு. தாயைப் பார்க்க மனமில்லாதவன் அல்லன் அவன். அவனிடம் இல்லை. நகரத்து ஏழைக் குடும்பங்களில் நான் அதிகம் கண்டது இதைத்தான். ஒரே தட்டுச் சோற்றை மூன்று தலைமுறை பங்குபோட்டுக்கொள்கிறது. பங்கில் கடைசியாக வருவது கிழவியின் கை.

ஆயாவுக்குப் பின்னால் உதவித்தொகை கிடைத்தது. அதைப் பற்றி அவர் சொன்னதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்: "கையில துட்டு இருந்தாத்தான் நைனா, வூட்ல மரியாத. பேரப்புள்ளைக்கு முட்டாய் வாங்கிக் குடுக்க அவங்கப்பன் கைய பாக்க வேணாம்ல." உதவித்தொகை குடும்பத்தைப் பிரித்துவிடும், பிள்ளைகள் பொறுப்பைக் கை கழுவிவிடுவார்கள் என்று சிலர் வாதாடுவதுண்டு. நான் படியேறிய வீடுகளில் நடந்தது நேர்மாறு. பணம் வரும் கிழவிக்குத்தான் கட்டில் கிடைத்தது, மருந்துச் சீட்டு தொலையாமல் இருந்தது.

வசதியிருந்தும் கைவிடும் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கென்று 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிடலாம். அதைவிட முக்கியமானது சட்டத்தின் 23ஆம் பிரிவு. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறலாம். வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மெண்ட் எழுதப் போகும் பெரியவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆனால் இந்தச் சட்டம் கொடுக்க வழியுள்ள பிள்ளையிடமிருந்துதான் வாங்கித் தரும். வாடகை ஆட்டோ ஓட்டுபவனிடமிருந்து எதை வாங்கும்? அங்கே அரசுதான் வர வேண்டும். பிள்ளை இருக்கிறானா என்பதை விட்டுவிட்டு, இவருக்கு வேறு ஓய்வூதியமோ நிலையான வருமானமோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கேள்வி ஒன்றாகக் குறையும். பதிலை ஏட்டிலேயே சரிபார்க்கலாம். யாருடைய வீட்டுச் சண்டையையும் தெருவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

வாசலில் கொண்டுவந்து கொடுங்கள்

இடையில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு உதவித்தொகை மணியார்டரிலிருந்து வங்கிக்கு மாறியது. நோக்கம் சரி. ஆனால் பணம் வீடு தேடி வந்த இடத்தில், வீடு பணத்தைத் தேடிப் போகும்படி ஆனது. அந்தக் காவல்காரர் கைரேகை வைத்தால் கருவி ஏற்பதில்லை. ஆயுள் முழுக்கத் துணி மடித்து ரேகை தேய்ந்துவிட்டது. பாத்திரம் தேய்த்த பெண்களுக்கும் இதே கதை. "நாளைக்கு வாங்க" என்ற ஒரு சொல், முட்டிவலிக்காரிக்கு இன்னொரு நாள் பிழைப்புக் கேடு. சிலருக்கு ஆதாரில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த வருஷம். தலை நரைத்து, பேரன் கல்லூரிக்குப் போகிறான். அட்டைப்படி இன்னும் 60 ஆகவில்லை.

இதற்கெல்லாம் வழி கையருகே இருக்கிறது. ஆந்திரத்தில் மாதம் பிறந்ததும் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ஓய்வூதியத்தைக் கையில் கொடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருள்கள் வாசலுக்கு வருகின்றன. அரிசி வரும் வாசலுக்குப் பணமும் வரலாம். நான் வேலை பார்த்த அஞ்சல் துறையிலேயே 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கியது. தபால்காரர் கையில் இருக்கும் கருவி வழியாக, ஆதாரோடு இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் வீட்டு வாசலில் பணம் எடுத்துத் தர முடியும். எங்களைப் போன்ற ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கு இப்போது முகத்தைக் காட்டினாலே போதும். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. ரேகை தேய்ந்தவர்களுக்கு அதே வசதியை உதவித்தொகைக்கும் கொண்டுவர வேண்டும்.

சோறும் மருந்தும்

பணம் மட்டுமே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரும் ஏற்பாடு தொடங்கியது. அந்த விதைதான் பின்னால் மாநிலம் முழுக்க மதிய உணவுத் திட்டமாக வளர்ந்தது. 1983 ஜனவரியில் அதே சத்துணவு மையங்களில் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் மதியச் சாப்பாடு தர எம்.ஜி.ஆர். அரசு வழி செய்தது. பள்ளிக்கூட வாசலில் பேரனும் தாத்தாவும் ஒரே நேரத்தில் தட்டோடு நின்ற காட்சி நம் மாநிலத்துக்கு உரியது. 2013இல் சாந்தோமில் தொடங்கி நகரமெங்கும் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. அந்த ஏடிஎம் காவல்காரரின் காலைச் சாப்பாடு இன்றும் அங்கேதான். இந்த உணவகங்களைப் பழுது பார்த்து, உணவின் தரம் குறையாமல் நடத்துவது முதியோர் வறுமைக்கு எதிரான வேலை என்று மாநகராட்சி நினைக்க வேண்டும்.

மருந்துச் செலவுதான் முதியவர்களைக் கடனில் தள்ளும் முதல் எதிரி. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவ மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, தி.நகரிலிருந்து பக்கம்தான். 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் 2016 முதல் உண்டு. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமே இல்லை. கண்ணகி நகரிலிருந்து பூக்கூடையோடு வரும் ஆயாவுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று அவரிடமே கேட்டேன். "அந்தத் துட்டுலதான் மாத்திர வாங்குறேன்" என்றார்.

இன்று சேலை விரிக்கும் பிள்ளைகள்

இப்போது கடைத்தெருவில் நிற்கும் இருபது வயதுப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காவல்காரரின் ஞாபகம் வருகிறது. இவர்களும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயம். இவர்களுக்கு இன்று செய்ய வேண்டியது, ஒவ்வொரு கடையிலும் பிஎஃப் பிடிக்கிறார்களா என்று பார்ப்பது. கடை மாறும்போது பழைய கணக்கை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கடைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லித் தருவது. பிஎஃப் கணக்குக்கான ஒரே யுஏஎன் எண்ணைக் கடைசி வரை வைத்துக்கொண்டால் அந்த 10 ஆண்டு தானாகச் சேரும்.

பிஎஃப் இல்லாதவர்களுக்கு 2015இல் வந்த அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறது. 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 5,000 கிடைக்கும். 40 வயதில் சேர்ந்தால் அதே 5,000க்கு மாதம் 1,454 கட்ட வேண்டும். ஆகவே சீக்கிரம் சேருங்கள் என்பேன். ஆனால் இதிலும் அந்தப் பழைய குறை உண்டு: 42 ஆண்டு கழித்தும் அது 5,000தான். பஞ்சப்படி இல்லை. அன்றைய விலையில் அந்த 5,000 என்ன வாங்கும் என்று இன்றே கேட்டாக வேண்டும்.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் தமிழ்நாட்டில் தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன. பதிவு செய்தவர்களுக்கு 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. பலர் 60ஐத் தாண்டிய பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். அப்போது பதிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். பதிவு இல்லையென்றால் நீங்களே கூட இருந்து பதிவு செய்து கொடுங்கள். உங்கள் அடுக்குமாடி வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவல்காரருக்கு ஒப்பந்தக்காரர் பிஎஃப் கட்டுகிறாரா என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்புங்கள். தெருவில் தவிக்கும் முதியவர் யாரையாவது பார்த்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஓய்வூதியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

என் போன்ற ஓய்வூதியர்கள் ஒவ்வொரு டிசம்பர் 17ஆம் தேதியையும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். 1982இல் அந்தத் தேதியில்தான் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் எஜமானர் மனம்வந்து போடும் பிச்சை அன்று, உழைத்ததற்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால்தான் நாங்கள் தலைநிமிர்ந்து வாழ்கிறோம். ஊருக்குக் கடிதம் சுமந்தது உழைப்பு என்றால், ஊருக்குப் பூ கட்டியதும் சோறு சமைத்ததும் சேலை விரித்ததும் அதேபோல் உழைப்புத்தான். எங்களுக்குச் சம்பளம் தந்தது அரசு, அவர்களுக்கு இல்லை; இருவருக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றே. வாழ்நாள் முழுக்க அவர்கள் வாங்கிய ஒவ்வொரு சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் அரசுக்கு வரி கட்டித்தான் வந்திருக்கிறார்கள்.

எங்கள் சங்கத்தின் டிசம்பர் கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். முதலாவது, முதியோர் உதவித்தொகையை 2011ஆம் ஆண்டின் மதிப்புக்கு மீட்டு, அதன் பிறகு ஜனவரியிலும் ஜூலையிலும் அரசு ஓய்வூதியர்களுக்கு ஏறும் அதே சதவீதத்தில் ஏற்ற வேண்டும். இரண்டாவது, மத்திய அரசு தன் 200 ரூபாய்ப் பங்குக்கும் அதே விதியைப் பொருத்த வேண்டும். மூன்றாவது, பிள்ளை இருப்பதைக் காரணம் காட்டி எந்த மனுவையும் தள்ளக் கூடாது. நான்காவது, நடக்க முடியாதவர்களுக்குப் பணம் வாசலுக்கு வர வேண்டும்.

எங்கள் பஞ்சப்படிக்காக நாங்கள் எத்தனையோ தர்ணா இருந்திருக்கிறோம். எங்களுக்குச் சங்கம் உண்டு, வழக்கு நடத்தத் தெரியும், மனு எழுதத் தெரியும். ஆயாவுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஆகவே ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, வங்கி ஊழியர்களே, ரயில்வேக்காரர்களே, உங்கள் சங்கங்களிலும் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றி முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் அனுப்புங்கள்.